ஓ.ஆர்.எஸ். கொடுத்ததும் வாந்தி எடுக்கும் குழந்தையை இன்றிரவு வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

14 மாதப் பையன், எடை 9 கிலோ. நேற்று மதியத்திலிருந்து எட்டு முறை தண்ணீராகப் போயிருக்கிறான், நான்கு முறை வாந்தி. லேசான காய்ச்சல். ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் குடித்த வேகத்தில் கக்கிவிடுகிறான். மாமியார் தொக்கம் எடுக்க (தொண்டையில் சிக்கியதாக நினைப்பதை எடுக்கும் நாட்டு வைத்தியம்) கூப்பிடுகிறார், கணவர் ட்ரிப்ஸ் ஏற்றிவிடலாம் என்கிறார், பாலை நிறுத்துவதா வேண்டாமா என்று உங்களுக்குக் குழப்பம். நீங்கள் எழுதியிருப்பதில் நாலைந்து கேள்விகள் இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஓ.ஆர்.எஸ். வயிற்றில் தங்காத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது சரியா, சரி என்றால் அதை எப்படித் தங்கவைப்பது? குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பல வருடம் வேலை செய்தவர் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். பையனை நான் பார்க்கவில்லை, தொட்டும் பார்க்கவில்லை. அதனால் உடம்பில் எவ்வளவு நீர் குறைந்திருக்கிறது என்பதை நீங்கள்தான் இப்போதே பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

முதலில் அவன் முகத்தைப் பாருங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானா, கையில் பொம்மை கொடுத்தால் பிடிக்கிறானா? நீர் குறையத் தொடங்கிய பிள்ளை நச்சரிக்கும், எதற்கும் சமாதானமாகாது, டம்ளரைக் கண்டால் பாய்ந்து பிடுங்கிக் குடிக்கும். இன்னும் அதிகமாகக் குறைந்துவிட்டால் நச்சரிப்பு நின்று துவண்டுவிடும், குடிக்கவும் மாட்டாது. "அழுகை நின்றுவிட்டது, தூங்குகிறான்" என்று வீட்டில் நிம்மதியடையும் அந்த நேரம்தான் சில பிள்ளைகளுக்கு மிக மோசமான நேரம். அடுத்து கண். வழக்கத்தைவிட உள்ளே போயிருக்கிறதா என்பது அவனைத் தினமும் பார்க்கிற உங்களுக்குத்தான் தெரியும், டாக்டரும் அதை உங்களிடம்தான் கேட்பார். பிறகு வயிற்றுத் தோல். தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவில், கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மேலிருந்து கீழாக ஒரு மடிப்பாகப் பிடித்து, ஒரு விநாடி வைத்திருந்து விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மடிப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு நின்று படிந்தால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் நிலைமை கடுமை. நகம் பட்டுக் கிள்ளினால் பிள்ளை அழுது வயிற்றை இறுக்கிக்கொள்ளும், எதுவும் தெரியாது. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையிடம் தோல் சீக்கிரம் படிந்து நம்மை ஏமாற்றும், எலும்பும் தோலுமான பிள்ளையிடம் நீர் குறையாமலேயே மடிப்பு நிற்கும். ஆகவே தோலை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சிறுநீர் கடைசியாக எப்போது போனான் என்பதும் முக்கியம். டயப்பர் போட்டிருந்தால் தண்ணீராகப் போன மலமும் சிறுநீரும் கலந்து ஒன்றும் புரியாது. இன்று ஒரு நாள் டயப்பரைக் கழற்றிவிட்டுப் பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டுங்கள், மலம் எது சிறுநீர் எது என்று தெரிந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் எடை மெஷின் இருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி வித்தியாசத்தை எழுதி வையுங்கள். 9 கிலோ பிள்ளை 450 கிராம் குறைந்தால் அது 5 சதவீதம், 900 கிராம் குறைந்தால் 10 சதவீதம். பத்தை நெருங்கினால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. சாதாரண வீட்டு மெஷினில் நூறு இருநூறு கிராம் பிசகும் என்பதால் இதை ஒரு துணைக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாந்தி. ஓ.ஆர்.எஸ். தங்கவில்லை என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, நாம் கொடுக்கும் வேகத்தில்தான் கோளாறு இருக்கிறது. தாகத்தில் இருக்கிற பிள்ளை 100 மில்லியை ஒரே மூச்சில் குடித்துவிடும். ஏற்கெனவே புண்பட்டிருக்கும் வயிறு திடீரென விரிந்ததும் அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். நிப்பிள் போட்ட பாட்டிலிலும் இதுதான் நடக்கிறது. பாலாடையும் அலட்சியமாகச் சாய்த்தால் மடமடவென்று இறங்கிவிடும். எனவே ஒரு டீஸ்பூன், அல்லது ஊசி மாட்டாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பையனை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 5 மில்லி. கடிகாரத்தைப் பார்த்தே கொடுங்கள். அவன் இன்னும் கேட்டு அழுதாலும் முதல் அரை மணி நேரம் வேகத்தைக் கூட்டாதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள், இந்த முறை மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். எடுத்த வாந்தி பெரிதாகத் தெரியும், ஆனால் குடித்ததெல்லாம் அதில் வந்துவிடுவதில்லை. ஒரு பகுதி குடலுக்குள் இறங்கியிருக்கும்.

ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து எந்தக் காலத்தில் நீர் ஏறுவது என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்கு 5 மில்லி என்றால் ஒரு மணிக்கு 150 மில்லி, நான்கு மணி நேரத்தில் 600. ஓரளவு நீர் குறைந்த குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில். உங்கள் பையனுக்கு 675. ஸ்பூன் கணக்கு ஏறக்குறைய அங்கேயே வந்து நிற்கிறது, ட்ரிப்ஸ் பாட்டில் ஒன்றும் அதிசயம் செய்துவிடுவதில்லை. ஆனால் இந்த நான்கு மணி நேர வேலை ஒருவரால் முடியாது. கை வலிக்கும், தூக்கம் வரும், ஸ்பூன் நின்றுவிடும். நீங்களும் கணவரும் மாமியாரும் ஒரு மணிக்கு ஒருவராக முறை மாற்றிக்கொள்ளுங்கள். நச்சரிப்பு, கண் உள்ளே போவது, பாய்ந்து குடிப்பது, தோல் மெதுவாகப் படிவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் இந்த நான்கு மணி நேரத்தை வீட்டில் கழிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ கழியுங்கள். அங்கேயும் இதே ஸ்பூன்தான், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் என்பதே வித்தியாசம். அறிகுறி எதுவும் இல்லை என்றால் வீட்டிலேயே, ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை இதே ஸ்பூன் வேகத்தில் போதும்.

அடுத்து, எப்படிக் கலக்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே நடக்கும் தவறு ஆபத்தானது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. எது எது என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். பெரிய பாக்கெட்டில் ஒரு சிட்டிகை, ஒரு ஸ்பூன் என்று எடுத்து டம்ளரில் கலக்குவது வேண்டாம். பொடிக்குள் உப்பும் சர்க்கரையும் சமமாகப் பரவியிருக்காது, ஒரு டம்ளரில் உப்பு மிகையாகும், அடுத்ததில் வெறும் இனிப்பு. உப்பு கூடிய கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். நீர்த்துப்போன கரைசலால் இழந்த உப்பை ஈடுகட்ட முடியாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பாட்டிலால் ஒரு லிட்டர் அளந்து, முழுப் பெரிய பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். கலந்த பின் கொதிக்கவைக்கக் கூடாது. பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது, மேற்கொண்டு சர்க்கரை சேர்க்கக் கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிடுங்கள். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது.

கடையில் வாங்கும்போது உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் ஸ்ட்ரா குத்திக் குடிக்கும் ஆப்பிள், ஆரஞ்சு சுவைப் பானங்கள் பல ஆண்டுகளாக ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு, உப்பு மிகக் குறைவு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பெயர் மாறிய பிறகும் பானம் அதே பானம்தான். மிகையான சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். குளுக்கோஸ் பவுடரும் சோடாவும் இதே வகை. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. இடையிடையே கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக வேண்டாம். நள்ளிரவில் பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் நல்லது. அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கடை திறக்கும் வரைக்கும் தாங்குவதற்கான ஏற்பாடு இது, ஏனென்றால் இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது.

"நேற்றிலிருந்து ஓ.ஆர்.எஸ். கொடுக்கிறேன், பேதி நிற்கவே இல்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிற்காது. ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தும் மருந்து இல்லை, போகிற நீரையும் உப்பையும் திரும்ப ஏற்றுவதுதான் அதன் வேலை. கிருமியால் குடல் கெட்டிருந்தாலும், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கும் வழி ஒன்று குடற்சுவரில் வேலை செய்துகொண்டே இருக்கும். அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். வெறும் தண்ணீர் போதாததும், சரியான அளவில் சர்க்கரை தேவைப்படுவதும் இதனால்தான். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, ட்ரிப்ஸ் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிவைத்து உறவினர்கள் கையாலேயே கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் வீட்டு மனிதர்கள்தான். ஆகவே உங்கள் கையால் இது முடியும்.

ட்ரிப்ஸ் எப்போது தேவை என்றால், துவண்டுபோய்க் குடிக்கவே முடியாத பிள்ளைக்கும், ஸ்பூன் வேகத்திலும் எல்லாவற்றையும் கக்குகிற பிள்ளைக்கும், வயிறு உப்பிக் குடல் அசைவு நின்றுவிட்ட பிள்ளைக்கும். அப்போதும் ஏற்ற வேண்டியது ரிங்கர் லாக்டேட் அல்லது நார்மல் சலைன் என்ற உப்புள்ள திரவம். "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாம் கேட்கும் வெறும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் உப்பு இல்லை, சோடியத்தை அது இன்னும் கீழே தள்ளிவிடும். வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்த பிள்ளைகளில் ஏறக்குறைய 25 பேரில் ஒருவருக்குத்தான் பிறகு ட்ரிப்ஸ் தேவைப்பட்டது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நீர் வற்றிய பிள்ளையின் நரம்பு கிடைக்காமல் நாலைந்து இடத்தில் குத்த நேர்வதும் உண்டு, அந்த வலிக்கு ஒரு காரணம் வேண்டாமா?

பாலை நிறுத்த வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் வாந்திக்கு நடுவிலும் கொடுங்கள், அடிக்கடி, கொஞ்ச நேரமாக. பசும்பாலும் வழக்கமான அளவில், தண்ணீர் கூட்டாமல் கொடுக்கலாம். முதல் நான்கு மணி நேரம் ஓ.ஆர்.எஸ்.ஸிலும் தாய்ப்பாலிலும் போகட்டும். அதன் பிறகு குழைந்த தயிர் சாதம், இட்லி, பாசிப்பருப்புப் பொங்கல், வாழைப்பழம் என்று அவன் கேட்பதைக் கொடுங்கள். குடற்சுவர் புதுப்பித்துக்கொள்ள அதற்கும் தீனி வேண்டும், பட்டினி போட்டால் பேதிதான் நீளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில நாள் கழித்தும் பால் குடித்த ஒவ்வொரு முறையும் நுரையாக, புளித்த வாடையோடு போய், ஆசனவாயைச் சுற்றிச் சிவந்து புண்ணானால், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை தற்காலிகமாகச் செரிக்காமல் இருக்கலாம். அப்போது டாக்டரைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

மருந்துகளில் உறுதியாகச் சொல்லக்கூடியது துத்தநாகம், அதாவது ஜிங்க். 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். கரையும் மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து, கொஞ்சம் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும். மூன்றாம் நாள் பேதி நின்றதும் எல்லோரும் இதையும் நிறுத்திவிடுகிறார்கள், 14 நாளும் முடிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜிங்க், ஓ.ஆர்.எஸ். இரண்டும் இலவசம். அதே உறுதியோடு கொடுக்கவே கூடாது என்று சொல்லக்கூடியது பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் லோபரமைடு மாத்திரை. குடலின் அசைவை நிறுத்திவிடும், மலம் உள்ளேயே தேங்கி வயிறு உப்பும், குழந்தை மயங்கிப் போகலாம். ஆன்டிபயாடிக்கும் இந்த வகைப் பேதிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. இந்த வயதில் தண்ணீராகப் போவதற்கு வைரஸே முதல் காரணம். மலத்தில் ரத்தம் இருந்தாலோ காலரா என்று சந்தேகித்தாலோ டாக்டர் எழுதுவார். வாந்திக்கு ஒண்டான்செட்ரான் ஒரே ஒரு டோஸ், பிள்ளையைப் பார்த்த டாக்டர் எழுதினால், நல்ல உதவி. ஸ்பூன் வைத்தியம் எளிதாகும். அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பேதி அதிகமாகலாம். புரோபயாடிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்) பாக்கெட்டுகளைப் பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. சில ஆய்வுகளில் ஒரு நாள் முன்னதாக நின்றது, பெரிய ஆய்வுகள் சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை. கையில் காசு குறைவு என்றால் அதை விட்டுவிட்டு ஜிங்க் வாங்குங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அவனுக்கு 135. அளவுதான் இங்கே தவறிப்போகும் இடம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5.4 மில்லி, 250 உள்ளது என்றால் 2.7 மில்லி, மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ் என்றால் 1.35 மில்லி மட்டுமே. வீட்டில் மூன்று பாட்டிலும் இருக்கிறது என்றால் இரண்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் என்ற மற்ற காய்ச்சல் மருந்துகளை இப்போது தொடாதீர்கள், நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் பழிக்க மாட்டேன். தொக்கம், மாந்தம், உரம் விழுதல் என்று நம் வீடுகளில் சொல்லப்படும் பலவற்றில் அவர்கள் பார்க்கிற அறிகுறி உண்மையானது. கண் உள்ளே போயிருக்கிறது, பிள்ளை துவள்கிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பது பல வீடுகளில் பாட்டிதான். ஆனால் தொக்கம் எடுப்பதால் இழந்த நீர் திரும்பாது. தொண்டைக்குள் விரல் விடுவது, ஊதுவது எல்லாம் வாந்தியைத் தூண்டி, மூச்சுக்குழலில் புரையேற வழி செய்யும். அதற்குப் போய் வருகிற இரண்டு மணி நேரத்தில் 300 மில்லி கொடுத்திருக்கலாம். அவரிடமே ஸ்பூனையும் கடிகாரத்தையும் கொடுத்து ஒரு முறை உட்காரச் சொல்லுங்கள், பிள்ளை வளர்த்த கை அது.

இனி, எதைக் கண்டால் ஸ்பூனை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது என்பது. கூப்பிட்டும் கண் திறக்காத மயக்கம், குடிக்க முடியாமை, பத்து நிமிட இடைவெளி விட்டும் மூன்று முறை தொடர்ந்து எல்லாவற்றையும் கக்குவது, கை கால் சில்லிட்டுப்போவது, வலிப்பு, மலத்தில் ரத்தம், வயிறு கல்லாக உப்புவது, வேகமான ஆழ்ந்த மூச்சு. மலம் பச்சையாக இருப்பதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள், குடல் வேகமாகத் தள்ளும்போது அப்படி வருவதுண்டு, அது தனியாக ஆபத்தில்லை. வாந்தி பச்சையாக வந்தால்தான் உடனே ஓட வேண்டும், குடல் அடைப்பாக இருக்கலாம். இன்னொன்று, இந்த வயதில் மறக்கக் கூடாதது: சில நிமிடத்துக்கு ஒரு முறை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுது, இடையில் வெளிறித் துவண்டு, பிறகு மறுபடியும் அழுவது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோயில் இப்படி இருக்கும். ஜாம் போல ரத்தமும் சளியுமாக மலம் வருவது பெரும்பாலும் தாமதமாகத்தான், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. நேரத்தோடு போனால் பெரும்பாலும் அறுவை இல்லாமலேயே சரிசெய்துவிடுவார்கள்.

இவையெல்லாம் மற்றபடி ஆரோக்கியமான பிள்ளைக்குச் சொன்னவை. இதய நோய், சிறுநீரக நோய், கடுமையான எடைக்குறைவு உள்ள பிள்ளைக்கும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கும் இந்த அளவுகளை வைத்து வீட்டில் முயல வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

கிளம்ப வேண்டி வந்தால் 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரையும், விழிப்போடு இருந்து விழுங்க முடிகிறவனாக இருந்தால் வண்டிக்குள்ளும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனை விடாதீர்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடைசியாகச் சிறுநீர் போன நேரம், எத்தனை முறை பேதி, எத்தனை முறை வாந்தி, இதுவரை எத்தனை மில்லி உள்ளே போயிற்று, என்ன மருந்து எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கலந்த மலம் பட்ட துணி இருந்தால் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். தடுப்பூசி அட்டையும் வேண்டும், 6, 10, 14 வாரத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள்.